ரோட்டில் ஓடும் காருக்கு எந்தக் கேம்? பழைய எஞ்சினை இறக்கிக் கட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என்னுடைய கேஈ 70 கொரொல்லாவுக்கு நான் முதலில் வாங்கிய கேம், அதாவது எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், பிழையான கேம். தேய்ந்ததோ உடைந்ததோ இல்லை, புத்தம் புதிது. பெட்டியில் 288 டிகிரி (வால்வு திறந்திருக்கும் காலம்) என்று அடித்திருந்தார்கள். பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் நின்ற இடத்தில் கார் குதிரை மாதிரித் துள்ளியது. அயல் பெடியள் எல்லாம் ஓடி வந்து போனட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மனுசியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போனேன். மூன்றாம் கியரில் 40இல் போய்க்கொண்டு அக்சிலேற்றரை மிதித்தால் எஞ்சின் முனகிக்கொண்டு யோசிக்கிறது. பின்னால் வந்த ஓட்டோ ஹோர்ன் அடித்துவிட்டு முந்திப் போனது. வீட்டுக்கு வந்து, எனக்கு ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் வால்வுகள் இருக்கும் மூடி) வேலை செய்து தரும் கிண்ணியா நானாவிடம் சொன்னேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்த எஞ்சின் நாலாயிரத்துக்கு மேலதான் கண் முழிக்குது. நீங்க நாலாயிரத்துக்குப் போறதே இல்லையே" என்றார். அவர் சொன்னது ஆர்பிஎம், நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று என்பது.

கேம் தெரிவு பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. மிச்சப் பாதி கணக்கும் அளவும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி நின்றது. திரும்பத் திறந்தது 2025இல்தான். அந்த ஐந்து வருசத்தில் நாடு முழுக்கப் பழைய கார்களை இறக்கிக் கட்டியே ஓடினோம். இப்போதும் புதுக் காரின் விலையையும் வரியையும் கேட்டுவிட்டுத் திரும்பி வருபவர்கள்தான் அதிகம். எஞ்சினை இறக்கியதுதான் இறக்கியாயிற்று, கையோடு கொஞ்சம் நல்ல கேமும் போட்டுவிடுவோமே என்று ஆசை வருவது இயல்பு. நல்ல ஆசைதான். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது என்னிடம் இருக்கும் டொயோட்டா 4 கே எஞ்சின்: 75 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் விட்டம்), 73 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 1290 சிசி, கேம் புளொக்குக்குள், அதன் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ்ரொட், காபரேற்றர். மொரிஸ் மைனர், மினி, டட்சன் 1200 வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஹெட்டுக்கு மேல் கேம் உள்ள எஞ்சினுக்குக் கணக்கு ஒன்றே, பூட்டும் முறை மட்டும் மாறும். கம்பியூட்டர் வைத்த இன்ஜெக்ஷன் கார்களை இதற்குள் இழுக்கவில்லை. அங்கே கேமை மாற்றினால் கம்பியூட்டருக்கும் திரும்பப் பாடம் சொல்லவேண்டும், அது வேறு கதை.

முதலில் உங்கள் ரோட்டைக் கணக்குப் பாருங்கள்

கேம் விற்பவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை டிகிரி வேணும்?" என்பது. அதற்குப் பதில் சொல்லவேண்டாம். முதலில் உங்கள் எஞ்சின் நாள் முழுக்க எந்த ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்று பாருங்கள். டக்கோமீற்றர் இல்லாவிட்டாலும் கணக்கால் எடுக்கலாம்.

155/80, 13 அங்குல ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.77 மீற்றர் போகும். 70 கிலோமீற்றர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1167 மீற்றர், அதாவது சில்லு 659 சுற்று. டிஃப் (பின்னச்சுக் கியர்) விகிதம் 4.1, டொப் கியர் ஒன்றுக்கு ஒன்று என்றால் எஞ்சின் 2700. 60இல் போனால் 2300. அதே 60இல் மூன்றாம் கியர், 1.4 என்று வைத்தால் 3200.

நம் நாட்டில் ஊர்மனைக்குள் காருக்கு 50, வெளியே 70தான் சட்ட வேகம். நான் ஓடுவது திருகோணமலையில்: நிலாவெளி, உப்புவெளி, சந்தை, பிள்ளைகளின் டியூசன். மாதம் ஒருதரம் ஏ 6இல் ஹபரணை தாண்டி கொழும்பு. இதில் 4500ஐத் தொடுவது லொறியை முந்தும் அந்தச் சில விநாடிகள் மட்டும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் இருட்டில் யானை நின்றால் பிறேக் அடித்து, இரண்டாம் கியருக்கு இறங்கி, மெல்ல நகர்ந்து, பிறகு எடுக்கவேண்டும். அந்த இடத்தில் 1500இல் இழுக்காத எஞ்சின் காலுக்குள் நடுக்கம்தான் தரும்.

ஆகவே எனக்கு வேண்டிய கேம் 1500இலிருந்து 4500 வரை நன்றாக இழுத்து, 5500 வரை மூச்சு முட்டாமல் போகவேண்டும். உங்கள் தேவையை இப்படி இரண்டு எண்ணாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

கேம் கார்ட்டை வாசிப்பது

கிராங் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. கேமோடு கொடுக்கும் கார்ட்டில் வரும் டிகிரி எல்லாம் கிராங் டிகிரி. நான்கு எண்கள் கிடைத்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் நாமே எடுக்கலாம்.

பழைய மொரிஸ் மைனரின் ஸ்டொக் கேமை, அதாவது காரோடு வந்த கேமை, எடுங்கள், கணக்குப் பழக வசதியானது. இன்லெற் வால்வு (கலவையை உள்ளே விடுவது) டொப் சென்டருக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) 5 டிகிரி முன்னால் திறக்கிறது, பொட்டம் சென்டருக்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் இடம்) 45 டிகிரி பின்னால் மூடுகிறது. எக்ஸோஸ்ட் வால்வு (புகையை வெளியே விடுவது) பொட்டம் சென்டருக்கு 40 முன்னால் திறந்து, டொப்புக்கு 10 பின்னால் மூடுகிறது.

இன்லெற் திறந்திருக்கும் காலம் 5 + 180 + 45 = 230 டிகிரி. இதுதான் டியூரேஷன். அதில் பாதி 115. அதிலிருந்து 5ஐக் கழித்தால் 110. இன்லெற் லோப்பின் (வால்வைத் தூக்கும் கேமின் புடைப்பு) உச்சம் டொப்புக்கு 110 டிகிரி பின்னால் வருகிறது என்று அர்த்தம். எக்ஸோஸ்டுக்கும் 230, அதன் உச்சம் 105 டிகிரி முன்னால். 110ஐயும் 105ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 107.5. இது லோப் செப்பரேஷன். இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருப்பது 5 + 10 = 15 டிகிரி. இது ஓவர்லாப்.

இப்போது 266 டிகிரி, செப்பரேஷன் 108 உள்ள ஒரு கேமைப் பாருங்கள். ஓவர்லாப் வேண்டுமென்றால் டியூரேஷனிலிருந்து செப்பரேஷனின் இரட்டிப்பைக் கழிக்கவேண்டும்: 266 - 216 = 50. டியூரேஷன் 36 டிகிரிதான் கூடியது, ஓவர்லாப் 15இலிருந்து 50க்குப் போய்விட்டது. ஐட்லிங்கில் கார் துள்ளுவதும், புகைப் பரிசோதனையில் எரியாத பெற்றோல் கூடக் காட்டுவதும், பிறேக் பூஸ்டருக்கு வக்கியூம் குறைவதும் இந்த ஓவர்லாப்பால்தான். அதே 266ஐ 112 செப்பரேஷனில் அரைத்தால் ஓவர்லாப் 42. ஐட்லிங் மென்மையாகும், நடு ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் குறையும். காபரேற்றர் கொண்ட சின்ன எஞ்சினுக்கு 107 முதல் 110 வரை எனக்குப் பிடித்தது. ஏசி பூட்டியிருந்தால் 110 பக்கம் போங்கள்.

லிஃப்ட், அதாவது எழும்பும் உயரம், பற்றி ஒரு சொல். கார்ட்டில் எழுதியிருப்பது லோப் லிஃப்டா வால்வு லிஃப்டா என்று கேளுங்கள். வால்வை அமுக்கும் நெம்புகோலான ரொக்கரின் விகிதத்தால் லோப் லிஃப்டைப் பெருக்கினால்தான் வால்வு லிஃப்ட் வரும். வால்வுத் தலையின் விட்டத்தில் கால் பங்கு லிஃப்ட் கிடைத்தவுடன் வால்வைச் சுற்றியுள்ள திறப்பு, வால்வு வாயின் பரப்பளவுக்குச் சமமாகிவிடும். 36 மில்லிமீற்றர் வால்வு என்றால் 9 மில்லிமீற்றர். அதற்கு மேல் கேட்பதெல்லாம் வால்வு ஸ்பிரிங்குக்கும் வால்வுத் தண்டு ஓடும் கைட்டுக்கும் வேலை கொடுப்பது. ரோட்டுக் காருக்குக் கொஞ்சம் கூடிய லிஃப்ட், கொஞ்சம் மட்டும் கூடிய டியூரேஷன். இந்தச் சேர்மானம்தான் ருசி.

பெட்டி டிகிரியை நம்பவேண்டாம்

நான் ஏமாந்த இடம் இது. 266 என்று எழுதிய இரண்டு கேம் ஒரே மாதிரி ஓடவேண்டும் என்று கட்டாயமில்லை. வால்வு "திறந்தது" என்று எந்த இடத்தில் கணக்கை ஆரம்பிக்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஒருவர் டெப்பட் (லோப்பின் மேல் ஓடி புஷ்ரொட்டைத் தள்ளும் துண்டு) 0.15 மில்லிமீற்றர் எழும்பியதும் ஆரம்பிப்பார். இன்னொருவர் டெப்பட் இடைவெளி முடியும் இடத்தில். ஜப்பான்காரர் பலர் 1 மில்லிமீற்றரில். ஆக ஒரே லோப்புக்கு மூன்று விதமான எண் எழுதலாம், மூன்றும் பொய்யில்லை.

அதனால் ஒப்பிடுவதற்குக் கேட்கவேண்டியது டெப்பட் 1.27 மில்லிமீற்றர், கராஜ் பேச்சில் ஐம்பது தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஐம்பது பங்கு), எழும்பிய இடத்திலிருந்து திரும்ப அதே இடத்துக்கு வரும்வரையான டியூரேஷன். இரண்டு கேமையும் இந்த அளவில் பக்கத்தில் வைத்தால் சாயம் வெளுக்கும். 266 என்று எழுதிய ஒன்று 208 காட்டும், இன்னொன்று 218 காட்டும். 218 காட்டுவது வால்வை வேகமாகத் தூக்குகிறது. பலம் கூட, ஆனால் நல்ல ஸ்பிரிங் கேட்கும், டெப்பட் சத்தமும் கூடும்.

1.2 முதல் 1.5 லீற்றர் வரையான புஷ்ரொட் எஞ்சினுக்கு என் கணிப்பு இது. பெட்டி எண் 250 முதல் 268 வரை, 1.27இல் 205 முதல் 220 வரை இருந்தால் தினசரி ஓடலாம். 270 தாண்டினால் கார்பரேற்றர், எக்ஸோஸ்ட், கொம்பிரஷன் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால்தான் பலன். 280க்கு மேல் மற்றவர் கார் என்றால் கைதட்டிப் பார்க்க நல்லது. மினி, மொரிஸ் மைனர் எஞ்சினுக்கு இங்கிலாந்தின் கென்ட் கேம்ஸ் நிறுவனம் 266, 276, 286 என்று டியூரேஷனையே பெயராக வைத்து விற்கிறது. மூன்றில் எது நமக்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இரண்டு அளவுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் சின்னதை எடுங்கள். பெரியதை எடுத்துவிட்டு இன்றுவரை திருப்தியாக ஓடும் ஒருவரை நான் சந்தித்ததில்லை. திருப்தி என்று சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

கொம்பிரஷன்: எல்லோரும் மறக்கும் கணக்கு

பெரிய கேம் இன்லெற் வால்வைப் பிந்தி மூடுகிறது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருந்தால் உறிஞ்சிய பெற்றோல், காற்றுக் கலவையில் ஒரு பங்கு திரும்பிக் காபரேற்றர் பக்கம் போய்விடும். வேகமாகச் சுற்றும்போது கலவை வந்த வேகத்திலேயே உள்ளே தள்ளிக்கொண்டு நிற்பதால் இந்த நட்டம் இல்லை. 1500இல் அந்த உந்தல் இல்லை, நட்டம் முழுக்க நம் தலையில். என் கொரொல்லா கந்தளாய் ரோட்டில் முனகியதற்கு இதுதான் காரணம்.

எண்ணாகப் பார்ப்போம். 4 கேயின் ஒரு சிலிண்டர் 322.5 சிசி. கொம்பிரஷன், அதாவது கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற விகிதம், 9க்கு 1 என்று வைத்தால் மேலே மிஞ்சும் இடம் 40.3 சிசி. கொன்ரொட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) நீளத்தை ஸ்ட்ரோக்கின் 1.65 மடங்கு என்று எடுத்துக்கொண்டு சுமாராகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இன்லெற் 50 டிகிரியில் மூடினால், வால்வு மூடிய இடத்திலிருந்து பிஸ்டனுக்கு மிஞ்சும் ஓட்டம் 63 மில்லிமீற்றர். எஞ்சின் உண்மையில் அமுக்குவது 7.9க்கு 1.

57 டிகிரியில் மூடினால் ஓட்டம் 60 மில்லிமீற்றர், அமுக்கம் 7.6.

64 டிகிரியில் மூடினால் 57 மில்லிமீற்றர், 7.25.

7.9ஐத் திரும்பப் பிடிக்கவேண்டுமென்றால் மேலே உள்ள இடத்தைக் குறைக்கவேண்டும். 57இல் மூடும் கேமுக்கு 1.8 சிசி குறைத்தால் போதும். 64இல் மூடும் கேமுக்குக் கிட்டத்தட்ட 4 சிசி. ஹெட்டில் சேம்பர் (கலவை எரியும் குழி) வாயின் பரப்பு 32 சதுர சென்ரிமீற்றர் என்றால் 1 மில்லிமீற்றர் சீவினால் 3.2 சிசி குறையும். முதலாவதுக்கு அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடச் சீவல், எந்த ஹெட்டும் தாங்கும். இரண்டாவதுக்கு ஒன்றேகால் மில்லிமீற்றர், அங்கே தொல்லைகள் வரிசையில் வரும். 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் கொம்பிரஷன் தானாகக் கூடும் என்று சொல்வார்கள். கூடும்தான், 9இலிருந்து 9.1க்கு.

சேம்பர் எத்தனை சிசி என்று ஊகிக்கவேண்டாம். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வும் பிளக்கும் பூட்டி, துளை போட்ட பெர்ஸ்பெக்ஸ் துண்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பார்மசியில் வாங்கிய சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு அளவுங்கள். நாலு சேம்பரும் அரை சிசிக்குள் சமமாக வரவேண்டும்.

மேலே எல்லை ஒன்றும் உண்டு. இங்கே பெற்றோல் 92 அல்லது 95 ஒக்டேன். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது மதியம் எஞ்சினுக்குள் போகும் காற்று அடுப்படிக் காற்று. வார்ப்பிரும்பு ஹெட் என்றால் நொக்கிங் (கலவை தானாகப் பற்றி எஞ்சின் தட்டும் சத்தம்) இன்னும் கெதியாக வரும். 92இல் ஓடப் போகிறவர் 9.5க்கு மேல் ஆசைப்படவேண்டாம்.

புதியதா, திரும்ப அரைத்ததா?

நமக்குக் கிடைப்பது இரண்டு வழி. ஒன்று, புதுக் கேமை வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பது. மற்றது, உங்கள் பழைய கேமையே கொழும்பிலோ வேறெங்குமோ கொடுத்துப் புது வடிவத்துக்கு அரைப்பிப்பது. திரும்ப அரைப்பதில் தவறில்லை, இரண்டைக் கவனித்தால்.

லோப்பின் மேல்தோல்தான் கடினம். ஆழமாக அரைத்தால் அந்தத் தோல் போய்விடும், சில ஆயிரம் கிலோமீற்றரில் லோப் உருண்டையாகிவிடும். மிதமான கேமுக்கு அரைப்பது குறைவு என்பதால் இந்த ஆபத்தும் குறைவு. சின்னக் கேமுக்கு இன்னொரு புள்ளி.

இரண்டாவது, அரைக்கும்போது லோப்பின் அடிவட்டம் சிறிதாகும். டெப்பட் அந்த அளவு கீழே இறங்கும், புஷ்ரொட் கட்டையானது மாதிரி ஆகும். ஆனால் ஹெட்டைச் சீவும்போது ரொக்கர் ஷாஃப்ட் கீழே வருகிறது, அப்போது புஷ்ரொட் நீண்டது மாதிரி ஆகிறது. அடிவட்டம் அரை மில்லிமீற்றர் இறங்கி, ஹெட்டும் அரை மில்லிமீற்றர் சீவியிருந்தால் இரண்டும் கழிந்துவிடும். என் எஞ்சினில் அப்படித்தான் நடந்தது, ஸ்டொக் புஷ்ரொட்டே போதுமாக இருந்தது. நானா இதைக் கணக்குப் போட்டுச் செய்யவில்லை, ஆனால் முதலே தெரிந்தவர் மாதிரிச் சிரித்தார்.

டெப்பட்டைப் பழையது போடாதீர்கள். தட்டை டெப்பட்டின் அடி உண்மையில் தட்டையில்லை, மிக மெல்லிய குவிவு. லோப்பும் மிக மெல்லிய சரிவு. அதனால்தான் டெப்பட் ஓடும்போது தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது, தேய்மானம் பரவுகிறது. பழைய டெப்பட் பழைய லோப்போடு பழகிக் குழிந்திருக்கும். புதுக் கேமின் மேல் அது சுற்றாது, அரைக்கும். புது டெப்பட் வாங்கக் காசு போதாவிட்டால் கேமைத் தள்ளிப் போடுங்கள். ஒரு நேரான கண்ணாடித் துண்டில் டெப்பட்டின் அடியை வைத்து ஆட்டினால் நடுவில் சற்று ஆடவேண்டும். ஓரத்தில் தொட்டு நடுவில் இடைவெளி தெரிந்தால் அது குப்பைக்கு.

வாங்கும்போது டிஸ்ரிபியூட்டர் கியரும் பெற்றோல் பம்ப் லோப்பும் உங்கள் கேமில் உள்ளபடி இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொட்டலத்தைப் பிரித்தால் அன்றே ஒயில் தடவி, பொலித்தீனில் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள். எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குக் கிட்ட. துடைத்துவிட்டுச் சும்மா வைத்த லோப்பில் மறுநாள் காலையில் மஞ்சள் துரு பூத்திருந்தது.

பூட்ட முதல் அளக்கவேண்டிய இடைவெளிகள்

ஸ்பிரிங்கைப் புதிதாகப் போடுங்கள், கேம் செய்தவர் சொன்ன பலத்தில். கூடப் பலம் நல்லது என்று நினைத்தால் லோப்பும் டெப்பட்டும்தான் விலை கொடுக்கும். முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, மொத்தமாக 1.5 மில்லிமீற்றர் மிச்சம் வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிற்றெய்னர் கைட்டின் சீலைத் தொடவும் கூடாது, அங்கேயும் அதே 1.5.

அடுத்தது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில். பிள்ளைகளின் விளையாட்டுக் களியைப் பிஸ்டன் தலையில் தட்டி, ஒயில் தடவி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டைப் பூட்டி, டெப்பட் இடைவெளி வைத்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். திரும்ப ஹெட்டைக் கழற்றிக் களியைப் பிளேட்டால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளவுங்கள். இன்லெற்றுக்கு 2 மில்லிமீற்றர், எக்ஸோஸ்டுக்கு 2.5. எக்ஸோஸ்டுக்குக் கூடக் கேட்பது அது சூட்டில் நீள்வதால். ஹெட்டைச் சீவியிருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சுற்றும்போது எங்காவது தடக்கினால் பலத்தைப் போடாதீர்கள், நிறுத்திப் பாருங்கள்.

டிகிரி பிடிப்பது

இது ஒரு பின்னேர வேலை. இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் பிறகு கேமைக் குறை சொல்கிறார்கள். டைமிங் கியரில் குத்தியிருக்கும் புள்ளிகளை நேராக வைத்தால் போதாதா என்றால், புதுச் செயினும் சரியான கியரும் சரியாக அரைத்த கேமும் மூன்றும் ஒன்றாக அமைந்தால் போதும். பழைய செயின் நீண்டிருந்தால் கேம் பிந்தும். கேமில் சாவிக் காடியைச் சற்று விலகி வெட்டியிருந்தாலும் பிந்தும், அல்லது முந்தும். வாங்கியவருக்கு எப்படித் தெரியும்?

கிராங் புலியில் டிகிரி வட்டத்தைப் பூட்டுங்கள். அச்சடித்த தாளைத் தகட்டில் ஒட்டினாலும் சரி. வளைத்த கம்பி ஒன்றை முள்ளாக வையுங்கள். ஹெட் இல்லாத நேரம் முதல் சிலிண்டருக்குக் குறுக்கே ஒரு தகட்டுப் பட்டியைப் போல்ற்றால் இறுக்கி, பிஸ்டன் உச்சிக்குப் போகாமல் தடுங்கள். கிராங்கை ஒரு பக்கம் சுற்றி முட்டும் இடத்தைக் குறியுங்கள், மற்றப் பக்கம் சுற்றி முட்டும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு, சரியான டொப் சென்டர். கண்ணால் பார்த்துப் பிடிக்கும் டொப் சென்டர் நாலைந்து டிகிரி பிழைக்கும், ஏனென்றால் உச்சியில் பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது.

பிறகு தடையைக் கழற்றி, முதல் இன்லெற் டெப்பட்டின் மேல் டயல் கேஜை நேராக நிறுத்துங்கள். சரிந்து நின்றால் எல்லாம் பிழை. உச்ச லிஃப்ட்டைக் கண்டு கேஜைப் பூச்சியமாக்குங்கள். கிராங்கைக் கொஞ்சம் பின்னே கொண்டுபோய், எஞ்சின் ஓடும் திசையிலேயே வந்து, உச்சத்துக்கு 1.27 மில்லிமீற்றர் கீழே வரும் இடத்தைக் குறியுங்கள். உச்சம் தாண்டி இறங்கும்போது அதே 1.27இல் மறுபடி. உதாரணமாக 76, 138 என்று வந்தால் கூட்டி இரண்டால் பிரிக்க 107. கார்ட்டில் 106 என்றிருந்தால் ஒரு டிகிரி பிந்தல், விட்டுவிடலாம். 111 வந்தால் விடக்கூடாது.

திருத்துவதற்கு விலக்கிய சாவி போடலாம், அல்லது பல காடி வெட்டிய கியர். கிராங்கில் 4 டிகிரி வேண்டுமென்றால் கேமில் 2 டிகிரிதான் திருப்பவேண்டும், இதில் பலர் குழம்புவார்கள். ஒரு பல் மாற்றிப் போட்டுப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். 36 பல் கேம் கியரில் ஒரு பல் என்றால் கிராங்கில் 20 டிகிரி. ரோட்டுக் காருக்கு நான் கார்ட்டைவிட 2 டிகிரி முன்னால் வைப்பேன். கீழ் இழுவை கொஞ்சம் கூடும், செயின் பழசாகும்போது தானே சரியான இடத்துக்கு வந்து சேரும்.

முதல் இருபது நிமிடம்

புதுத் தட்டை டெப்பட் கேமின் ஆயுசு இந்த இருபது நிமிடத்தில் தீர்மானமாகிறது. லோப்பிலும் டெப்பட் அடியிலும் மொலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசிப் பூட்டுங்கள், கிரீஸ் வேண்டாம். ஒயில் 20டபிள்யூ-50, கனிம ஒயில். இப்போதைய கார்களுக்கான மெல்லிய ஒயில்களில் துத்தநாக, பொஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் காப்பாற்றுவதற்காக. நம் லோப்புக்கு அந்தச் சேர்மானம்தான் உயிர். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டாட்டரால் சுற்றி ஒயில் பிறெஷர் எழும்பிய பிறகு பிளக்கைப் போடுங்கள்.

ஸ்டாட்டரை அரைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. அதனால் இக்னிஷன் டைமிங், காபரேற்றரில் பெற்றோல், ரேடியேற்றரில் தண்ணீர் எல்லாம் முதலே சரியாக இருக்கவேண்டும். பற்றியவுடன் நேரே 2000க்கு ஏற்றுங்கள். இருபது நிமிடம் 2000க்கும் 2500க்கும் நடுவில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள், ஐட்லிங்குக்கு விடவேண்டாம். லோப்புக்கு ஒயில் கிராங் தெறிப்பதால்தான் கிடைக்கிறது, ஐட்லிங்கில் தெறிப்புப் போதாது. தண்ணீர் கசிந்தாலோ சூடு ஏறினாலோ முழுதாக நிறுத்துங்கள், திருத்திவிட்டு மிச்ச நிமிடத்தைத் தொடருங்கள். ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு மேசை மின்விசிறி வைத்தால் உதவி. இதைக் காலை ஆறு மணிக்குச் செய்யாதீர்கள், எங்கள் ஒழுங்கையில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முடிந்ததும் ஒயிலையும் ஃபில்ற்றரையும் மாற்றுங்கள். பழைய ஒயிலுக்குள் காந்தம் ஒன்றை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வருவது வழமை. கண்ணுக்குத் தெரியும் துணுக்கு வந்தால் ரொக்கர் கவரைக் கழற்றி எந்த வால்வு குறைவாக எழும்புகிறது என்று தேடவேண்டியதுதான்.

காபரேற்றரும் டைமிங்கும்

ஐட்லிங்கை 100, 150 ஆர்பிஎம் கூட்டி வையுங்கள், 900 பக்கம். இக்னிஷன் டைமிங் ஸ்டொக்கைவிட 2 முதல் 4 டிகிரி முன்னால் கேட்கும், ஏனென்றால் ஓவர்லாப் கூடிய எஞ்சினில் ஐட்லிங் கலவை மெதுவாக எரிகிறது. ஏற்றத்தில் ஃபுல் லோட்டில் நொக்கிங் கேட்டால் ஒவ்வொரு டிகிரியாகப் பின்னே வாருங்கள். டிஸ்ரிபியூட்டரின் வக்கியூம் அட்வான்ஸைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு. ரோட்டுக் காரில் அது பெற்றோலை மிச்சம் பிடிக்கும் சாமான், விடுங்கள்.

மெனிஃபோல்டில் வக்கியூம் கேஜை மாட்டிப் பாருங்கள். நல்ல ஸ்டொக் எஞ்சின் கடல்மட்டத்தில் 18 முதல் 21 அங்குலம் காட்டும். மிதமான கேமுக்கு 16, 17 வந்தால் சந்தோசம். 14க்குக் கீழே போனால் பிறேக் மிதி கடினமாகும், அது விளையாட்டில்லை. நம் ஊர் கடல்மட்டம் என்பதால் கேஜ் காட்டுவதை அப்படியே எடுக்கலாம். அதே கார் நுவரெலியாவுக்கு ஏறினால் உயரத்தால் மட்டும் 6 அங்குலம் குறைந்து காட்டும், கேமைத் திட்டவேண்டாம்.

வருசாவருசம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப் பத்திரம் எடுக்க முடியாது. பரிசோதனைக்குப் போக முதல் அரை மணி நேரம் ஓடி எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங் கலவையை மெலிந்த பக்கம் வைத்துக்கொண்டு போங்கள். 288 கேமோடு நான் போனபோது முதல் தரம் சித்தியடையவில்லை.

500 கிலோமீற்றரில் ஹெட் போல்ற்றையும் டெப்பட் இடைவெளியையும் திரும்பப் பாருங்கள், பிறகு 1000இல் ஒருதரம். புது லோப் பழகும்போது இடைவெளி கொஞ்சம் மாறுவது சரி. எட்டில் ஒரு வால்வு மட்டும் திரும்பத் திரும்ப இடைவெளி கூடிக்கொண்டே வந்தால் அந்த லோப் கரைகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

இப்போது என் காரில் இருப்பது 258 டிகிரி, 1.27இல் 210, செப்பரேஷன் 109, ஹெட் 0.55 சீவியது. ஐட்லிங்கில் பக்கத்தில் நின்றால்தான் சின்னத் துடிப்புத் தெரியும், பெடியள் யாரும் ஓடி வருவதில்லை. போன மாதம் கந்தளாய் தாண்டி மூன்றாம் கியரில் 40இல் மிதித்தேன், மனுசி பிடித்திருந்த தேத்தண்ணி மடியில் ஊற்றுப்பட்டது.